காந்தளை இனங்காண்போம்



காவிரி பாயும் தஞ்சை நாட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை. குளத்தில் மலரும் அல்லியை ஆங்கிலேயர் நீர்லில்லி என்றனர். அப்பெயரைக் கேட்டு, அதனை லில்லிக் குடும்பத்தில் சேர்ப்பாரும் உளர். அது பிழை, அல்லியின் குடும்பம் வேறு. லில்லிக் குடும்பத்ததென நூல்கள் நெடுங்காலம் எண்ணிவந்த நம் நாட்டு மலர், நீரில் பூப்பதன்று. வேலியிலும் புதரிலும் பற்றிப் படர்வது. அதுவே செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர்.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. அவற்றுள் முதற்பெயர் காந்தள். பின்னர்க் கோடலும் தோன்றியும் தனித்தனியே வருகின்றன. கோடல் வெண்காந்தள் என்றும், தோன்றி செங்காந்தள் என்றும் உரைமரபு கூறும். அங்ஙனமாயின் இவை ஒரு செடியா, பல செடிகளா?

கொடியக்கரைக் காட்டோரத்தில் இக்கொடியை நான் உற்று நோக்கியதுண்டு. விரியும்போது பூ பசுமஞ்சளாயிருக்கிறது. நாள் செல்லச் செல்லச் செம்மஞ்சளாகி, முடிவில் முற்றும் சிவக்கிறது. பெயர்கள் பலவானதற்கு இந்நிறமாற்றமும் ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. ஒருநாள் பார்த்த பூவைக்கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

தோன்றி என்னும் சொல்லின் சாயல் மலையாளத்து 'மேந்தோன்னி'யில் இன்றும் வாழ்கிறது. வான் ரீடு வெளியிட்ட 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலின் ஏழாம் தொகுதி, 1688இல் இப்பெயரை ஐரோப்பாவுக்கு அறிவித்தது. 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குக் 'குளோரியோசா சுபெர்பா' என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் கோனிக், 1768இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். 1785இல் மறையும்வரை கீழ்த்திசைச் செடிகளை ஆராய்ந்தார். ஆசிரியர் வகுத்த முறையில் இந்தியத் தாவரங்களை ஆராயும் பணிக்கு, இவ்வாறு காவிரிக் கழிமுகத்து ஊரொன்று தொடக்கக் களமாயிற்று. அண்மைக்கால மரபணு ஆய்வுகளின் பயனாகக் காந்தள் லில்லிக் குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டுக் 'கால்சிகேசி' குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இனி, இதனை அறியும் வழியைக் கேளுங்கள். இலையின் நுனி நீண்டு சுருண்டு, பற்றுக்கம்பியாகிறது. இதழ்கள் ஆறு, ஓரம் நெளிநெளியாய், தீக்கொழுந்துபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்கும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கலப்பை வடிவினது. ஆதலால் உழவர் இதைக் கலப்பைக்கிழங்கு என்றனர். கண்வலிக்கிழங்கு என்பதும் இதுவே.

அடையாளம் காண்பதில் இத்துணைக் கவனம் ஏன் என்று கேட்பீர்கள். கொடி காய்ந்தபின் இலையுமில்லை, பூவுமில்லை. கிழங்கு மட்டுமே எஞ்சும். அதில் கால்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. உண்ணத்தக்க கிழங்கென மயங்கித் தின்று இலங்கையில் உயிரிழந்தோர் உண்டு. அந்தக் கால்சிசினே, மருத்துவர் அளந்து தரும்போது மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. அதன் பொருட்டுத் தமிழ்நாட்டு உழவர் இதனை விதைக்காகப் பயிரிடுகின்றனர். காட்டில் வளர்வதையோ கிழங்குக்காகத் தோண்டித் தோண்டிக் குறைத்துவிட்டோம்.

ஆகவே நண்பர்களே, மழைக்காலத்தில் வேலியோரம் செல்லுங்கள். இலை நுனியைப் பாருங்கள். பூவின் நிறம் நாள்தோறும் மாறுவதைக் குறித்து வையுங்கள். கிழங்கை மட்டும் மண்ணிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த கார்த்திகையில் உங்கள் தம்பி தங்கையரும் அப்பூவைக் காண வேண்டுமல்லவா?