பொருள் மயக்கம்

பொருள் மயக்கம் என்பது, ஒரு சொல்லோ தொடரோ ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு இடந்தந்து, அவற்றுள் எது கருதப்பட்டது எனத் துணிய இயலாதவாறு நிற்கும் நிலையைக் குறிக்கும். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது மட்டும் மயக்கம் ஆகாது. இடம் நோக்கியும் பொருள் பிரியாதபோதே மயக்கம் தோன்றுகின்றது. தெளிவின்மை இதனின் வேறானது. "சற்று நேரத்தில் வருகிறேன்" என்பதற்குப் பொருள் ஒன்றே. அதன் எல்லைதான் வரையறுக்கப்படவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது பரவலாகக் காணப்படும் பிழை.

சொல்

மயக்கம் என்னும் சொல்லே பல பொருள் உடையது. பேச்சு வழக்கில் அது உணர்விழத்தலைக் குறிக்கும். இலக்கண நூல்களிலோ கலத்தல், உடனிற்றல் என்னும் பொருள்களும் உண்டு. மெய்ம்மயக்கம் என்பது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்றலே அன்றிக் குழப்பம் அன்று. திணை மயக்கமும் அவ்வாறே. எனவே "பொருள்" என்னும் அடையின்றி மயக்கம் என்று மட்டும் எழுதுவது கட்டுரைகளில் தவிர்க்கத்தக்கது.

இலக்கண நூல்களில்

தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கின்றது. "மா பூத்தது" என்றால் மரம் என்பதை வினையே காட்டிவிடும். "மா வீழ்ந்தது" என்பதில் வினை உதவாது. வீழ்தல் மரத்துக்கும் விலங்குக்கும் பொது. அவ்விடத்து "மாமரம் வீழ்ந்தது" என வெளிப்படையாகக் கூறவேண்டும்.

தொடரமைப்பால் வரும் மயக்கத்துக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு "புலி கொல் யானை". புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? பின்வரும் சொல்லே இதனைத் தீர்க்கும். "ஓடியது" என முடிந்தால் யானை உயிரோடிருக்கின்றது.

மூன்றாவது வகை சொற்பிரிப்பால் வருவது. "செம்பொன்பதின்தொடி" என்பதைச் செம்பொன் பதின்தொடி என்றும், செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிக்கலாம். முன்னது பொன், பின்னது செம்பு. எடையும் பத்துக்கு ஒன்பதாகக் குறைகின்றது. இத்தகையவை ஒலிக்கும் முறையால் வேறுபடும் என்றும், எழுத்தில் அவ்வேறுபாட்டைக் காட்ட வழியில்லை என்றும் தொல்காப்பியம் கூறுகின்றது.

குற்றமும் உத்தியும்

தொல்காப்பியம் "மயங்கக் கூறல்" என்பதை நூற்குற்றங்களுள் ஒன்றாக வைக்கின்றது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலும் "மயங்க வைத்தல்" என்பதைப் பத்துக் குற்றங்களுள் எண்ணுகின்றது. ஆனால் அதே நன்னூல் கூறும் 32 உத்திகளுள் "இரட்டுற மொழிதல்" என்பதும் ஒன்று. இது முரண்பாடு அன்று. இரட்டுற மொழிதலில் இரு பொருளும் கருதப்பட்டவை, இரண்டும் பொருந்தும். மயங்க வைத்தலில் கருதப்பட்டது ஒன்று, கேட்போர் கொள்ளக்கூடியது மற்றொன்று. காளமேகப் புலவரின் சிலேடைகள் முன்னதைச் சேர்ந்தவை.

எழுத்து வழக்கில்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துப் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் எழுத்தில் காட்டப்படவில்லை. "கொடு", "கோடு" இரண்டும் ஒரே வடிவில் நின்றன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தினால் குறில் நெடில் மயக்கம் நீங்கியது. அதற்கு முற்பட்ட சுவடிகளைப் பதிப்பித்தோர் ஒவ்வொரு சொல்லிலும் இடம் நோக்கியே முடிவெடுக்க வேண்டியிருந்தது. பாட வேறுபாடுகள் சிலவற்றுக்கு இதுவும் காரணம்.

தற்காலத்தில் ஒற்று விடுதலால் மயக்கம் நேர்கின்றது. "வேலை தேடினான்" என்றால் பணியைத் தேடினான்; "வேலைத் தேடினான்" என்றால் வேற்படையைத் தேடினான். "தந்த பலகை" கொடுக்கப்பட்ட பலகை; "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் ஆனது. ஒற்று வெறும் அலங்காரம் என்போர் இவற்றைக் கருதுதல் நன்று. சொற்களைத் தனித்தனியே அகராதியோடு ஒப்பிடும் கணினிப் பிழைதிருத்தி இங்கு உதவாது. "வேலை", "தந்த" ஆகியவை தம்மளவில் சரியான சொற்களே.

ஆவணங்களில்

மயக்கத்தின் இழப்பு மிகுதியாகத் தெரிவது உயில், ஒப்பந்தம் போன்றவற்றில்தான். "என் மகனின் பிள்ளைகளுக்கும் என் மகளுக்கும் சமபங்கு" என ஒருவர் எழுதிவைப்பதாகக் கொள்வோம். மகனுக்குப் பிள்ளைகள் மூவர் எனில், மகளுக்குக் கிடைப்பது பாதியா, நான்கில் ஒன்றா? தொடரில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எளியது. எழுதியவர் உயிரோடிருந்தால் கேட்டறியலாம். உயில் நடைமுறைக்கு வருவதோ அவர் இறந்த பின்னரே. "நால்வருக்கும் தலைக்குக் கால் பங்கு" என்றோ, "மகளுக்குப் பாதி, பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து மறுபாதி" என்றோ எழுதினால் மயக்கம் இல்லை.