சட்டகம்
ஜன்னலுக்கும் படத்துக்கும் விளிம்பு கட்டும் மரம் சட்டம். அதன் உறவான சட்டகம் பழைய வழக்கில் கட்டிலையும் உடலையும்கூடக் குறித்தது. இன்று ஊடக ஆய்வாளர்கள், ஒரு செய்தி எதை உள்ளே வைத்து எதை வெளியே தள்ளுகிறது என்பதற்கு இச்சொல்லை ஆள்கிறார்கள். எடுத்துக்காட்டாக, கேரளத்தில் உள்ள முல்லைப் பெரியாறு அணையில் 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் அது தேனி, மதுரை வயல்களின் பாசன உரிமை. மலையாளத்தில் அணைக்குக் கீழே வாழ்வோரின் உயிர்ப்பயம். இது வெறும் பக்கச்சார்புதானே எனலாம். அல்ல, ஒரு வரி பொய் இல்லாமலும் சட்டகம் அமையும். ஆனால் அதுவே வாசகர் மனம் ஆகிவிடாது. அணைக்குக் கீழுள்ள வண்டிப்பெரியாற்றில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் எந்தச் சட்டகத்துக்குள் நிற்கிறார்கள் என்பது தலைப்புகளை எண்ணினால் தெரியாது; அவர்கள் வாழும் லயக் குடியிருப்புக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.