உடுவிலில் நாற்பதாண்டு: எலைசா அக்னியூ அம்மையார்

எலைசா அக்னியூ 1807இல் நியூயோர்க் நகரில் பிறந்து, 1883இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் காலமானார். பள்ளிச் சிறுமியாய் உலகப்படத்தில் பாடம் கேட்ட நாளிலேயே தூரதேசத்து ஊழியத்துக்குத் தம்மை நேர்ந்துகொண்டார் என்று மிஷன் ஏடுகள் சொல்லும். ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர் வீட்டை விட்டு அகலவில்லை. 1839இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் சார்பில் கப்பலேறி, மறு ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயது முப்பத்திரண்டு. மிஷனரியின் மனைவியாக அன்றி, மணமாகாத ஆசிரியையாகவே இங்கு வந்த முதற் பெண்களுள் அவரும் ஒருவர்.

அவர் பொறுப்பேற்ற உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. தமிழ் ஆங்கில அகராதியால் பின்னாளில் பெயர்பெற்ற மைரன் வின்சுலோவின் மனைவி ஹரியற், 1824இல் அதைத் தொடங்கினார். பெண்பிள்ளைக்கு எழுத்தெதற்கு, ஏடு வாசிப்பது கோயில் தாசிகளின் தொழிலல்லவா என்று ஊர் கேட்ட காலம் அது. பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு உணவும் உடையும் கொடுக்க வேண்டியிருந்தது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணப்பவளுக்கு மிஷனே சிறு சீதனமும் கொடுத்தது. செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் மாணவியருக்குச் சூட்டப்பட்டன. உடுவில் வட்டாரத்துத் தமிழ்ப் பெண்ணொருத்தி, தான் ஒருபோதும் காணாத ஒரு சீமாட்டியின் பெயரோடு வாழ்நாளைக் கழித்தாள். இன்றைய கண்ணுக்கு இது உறுத்தலாகத்தான் தெரியும்.

ஹரியற் 1833இல் மறைந்தபின் லீவை ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலில் அமர்ந்தனர். அவர்களுக்குத் துணையாக வந்த அக்னியூ, பாடசாலையின் முழுப்பொறுப்பையும் படிப்படியாகத் தம் கைக்கு எடுத்துக்கொண்டார். வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாத்திரம், தையல் எல்லாம் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆனால் வேதாகமமே நடுப்பாடம். விடுதியில் அவர் தலைமையாசிரியை மட்டுமல்லர். பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் கலியாணத்துக்கும் பொறுப்பானவரும் அவரே. உடுவிலில் படித்த பெண்களுக்கும் மிஷன் ஆண்களுக்காக நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த இளைஞருக்கும் நடந்த திருமணங்களால், போதகர், உபதேசியார், ஆசிரியர் குடும்பங்கள் என்றொரு புதிய வகுப்பு வலிகாமத்தில் உருவாயிற்று. மிஷன் வரலாறுகள் செமினரியின் ஆண்களைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றன. அந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் உடுவில் மாணவியர் என்பதற்கு அதே அளவு இடம் கிடைக்கவில்லை.

1855இல் சங்கத்தின் தலைமையிடமான பொஸ்ரனிலிருந்து வந்த குழுவினர், மிஷனின் பணம் உயர்கல்விக்கன்று, சுவிசேஷத்துக்கே என்ற கொள்கையை வற்புறுத்தினர். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது; உடுவில் தப்பியது. போதகருக்கு வாசிக்கத் தெரிந்த மனைவி வேண்டும் என்பதை மறுப்பவர் எவரும் அக்குழுவில் இருந்திருக்க முடியாது.

அக்னியூ ஒருமுறையேனும் விடுமுறையில் அமெரிக்கா செல்லவில்லை. கேட்டவர்களுக்கு, போவதற்கு நேரமில்லை என்றே விடை சொன்னாராம். பாடசாலை விடுமுறைகளையும் கிராமங்களிலேயே கழித்தார். பழைய மாணவியரின் வீடுகளுக்குப் போய், அவர்களோடு செபித்து, அயற்பெண்களையும் கூட்டி வேதம் படித்துக் காட்டினார். அவர் செல்வாக்கின் இரகசியம் இந்தத் தொடர்ச்சியில் இருந்தது. வந்து சில ஆண்டிலே நோயாலோ திருமணத்தாலோ விலகிய ஊழியர் பலர். இவரோ முதல் மாணவியரின் மகள்களுக்கும், பின்பு பேத்திகளுக்கும் பாடம் சொன்னார். தாய் படித்த வாங்கிலேயே மகளும் அமர்ந்தபோது, பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற கேள்வி அந்தக் குடும்பங்களில் எழவில்லை.

அவரிடம் படித்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் திருச்சபையில் சேர்ந்தனர் என்பது மிஷன் கணக்கு. ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சக ஊழியர் அழைத்தனர். கணக்கின் மறுபாதியும் கவனிக்கத்தக்கது: ஞானஸ்நானம் பெறாமலே படித்து முடித்துச் சைவக் குடும்பங்களுக்குத் திரும்பிய பெண்களும் எழுத்தறிவோடுதான் திரும்பினார்கள். மதமாற்றத்தை எண்ணிய ஏடுகள் இதை எண்ணவில்லை.

முதுமையில், 1879இல், பாடசாலையைச் சூசன் ஹவ்லண்டிடம் ஒப்படைத்துவிட்டு மானிப்பாய் சென்றார். இறுதிக்காலத்தில் லீச் சகோதரிகள் என்ற இரு இளம் ஊழியர் அவரைப் பராமரித்தனர். அவரைப் பற்றிய விரிவான குறிப்புகளை எழுதிவைத்தவர்களும் அவர்களே. 1883 ஜூனில் அவர் இறந்தபோது வயது எழுபத்தாறு. அவர் பொறுப்பிலிருந்த பாடசாலை உடுவில் மகளிர் கல்லூரியாக வளர்ந்து, 2024இல் இருநூறாண்டை நிறைவுசெய்தது.