எட்டாவது வண்டி

சிலருக்கு வீடு கட்டும் பைத்தியம். சிலருக்குப் புஸ்தகம் சேர்க்கும் பைத்தியம். மோட்டார் சைக்கிள் பைத்தியம் என்று ஒன்று உண்டு. அது மற்ற எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. வண்டியை வாங்கிவிட்டால் காரியம் முடிந்துவிடுவதில்லை, அப்போதுதான் ஆரம்பிக்கிறது. முகத்தில் காற்று அறையாமல் முன்னால் ஒரு கண்ணாடி வேண்டும். வெளியூர்ப் பிரயாணத்துக்குப் பின்புறம் இரண்டு பக்கமும் பை தொங்க வேண்டும். விளக்கு போதவில்லை, ஆசனம் உறுத்துகிறது என்று ஒவ்வொன்றாகக் குறை தோன்றும். எல்லாக் குறையும் தீர்ந்து, அப்பாடா என்று மூச்சு விடும் சமயத்தில், அடுத்த வருஷத்து வண்டி கடைக்கு வந்து நிற்கும்!

இந்தப் பைத்தியத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தால், இங்கிலாந்திலுள்ள நாட்டிங்காம் நகரத்தை விட்டுவிட முடியாது. அங்கே வில்லியம் பிரவ் என்பவர் மோட்டார் சைக்கிள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அவர் பிள்ளை ஜார்ஜ் பிரவ், தகப்பனாரோடு ஒத்துப்போகாமல் 1919-ல் தனியே தொழில் தொடங்கினார். தம் வண்டிக்கு 'பிரவ் சுப்பீரியர்' என்று பெயர் வைத்தார். அதாவது, உயர்ந்த பிரவ். "அப்படியானால் நான் செய்வது தாழ்ந்த பிரவ் ஆக்கும்!" என்று தகப்பனார் முணுமுணுத்ததாகச் சொல்வார்கள். எந்தத் தகப்பனார்தான் முணுமுணுக்கமாட்டார்?

பிள்ளையாண்டான் சொன்னதைச் செய்துகாட்டினார். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிறரிடம் விலைக்கு வாங்கினாலும், அவற்றைச் சேர்ப்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருந்தது. ஒவ்வொரு வண்டியையும் ஒரு தடவை முழுக்கப் பூட்டிப் பார்ப்பார்கள். பிறகு அக்கக்காகக் கழற்றி, வர்ணமும் முலாமும் பூசி, மறுபடியும் பூட்டுவார்கள். 1924-ல் வந்த 'எஸ்.எஸ். 100' என்ற வண்டி மணிக்கு 100 மைல் ஓடும் என்று எழுத்து மூலம் உத்தரவாதம் கொடுத்தார். மறு வருஷம் அதிலேயே ஒரு பிரயாண வண்டி வந்தது. ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் ஓடி ஜெயித்ததை வைத்து 'ஆல்பைன் கிராண்ட் ஸ்போர்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். வேகமும் வேண்டும், நெடுந்தூரமும் போக வேண்டும் என்கிற ரஸிகர்களுக்கென்று பிறந்த வண்டி அது. வாங்குகிறவருடைய உயரத்துக்கும் விருப்பத்துக்கும் தகுந்தபடி, தையற்காரர் சட்டை தைப்பதுபோல, வண்டியைச் செய்து கொடுத்தார்கள். 1940 வரையில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தவை மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகள்தாம். ஒரு பத்திரிகைக்காரர் இதை 'மோட்டார் சைக்கிள்களில் ரோல்ஸ் ராய்ஸ்' என்று வர்ணித்தார். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரே அதை ஆட்சேபிக்கவில்லை.

இந்த வண்டிக்கு வாய்த்த பக்தர்களில் முதன்மையானவர், அரேபியப் பாலைவனத்தில் புகழ் பெற்ற டி. இ. லாரன்ஸ். முதல் உலக யுத்தத்தில் கர்னலாக இருந்த அந்த மனிதர், புகழிலிருந்து ஓடி ஒளிய வேண்டும் என்று 1922-ல் விமானப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். முதலில் ராஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். அடுத்த வருஷம் டாங்கிப் படையில் ஷா ஆனார். தமக்கு இரண்டு பெயர் மாற்றிக்கொண்ட அவர், தம் வண்டிகளுக்கு மட்டும் ஒரே பெயரை வைத்தார். தயாரித்தவரின் பெயரால் ஜார்ஜ் என்று தொடங்கி, முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் என்று ராஜ வம்சம்போல ஏழாம் ஜார்ஜ் வரையில் வந்துவிட்டார். 'பொவனெர்கேஸ்' என்று செல்லப் பெயரும் உண்டு. இயேசுநாதர் தம் சீடர் இருவருக்கு இட்ட பெயர் அது. 'இடிமுழக்க மக்கள்' என்று பொருள். வண்டியின் சத்தத்தைக் கேட்டவர்கள் பெயர்ப் பொருத்தத்தை ஒப்புக்கொள்வார்கள்.

1926 செப்டம்பரில் லாரன்ஸ் ஜார்ஜ் பிரவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு வருஷத்தில், ஐந்து வண்டிகளில், ஒரு லட்சம் மைல் ஓட்டி முடித்திருப்பதாகவும், வெளிநாடு போவதால் நன்றி சொல்லி விடைபெறுவதாகவும் அதில் கண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தினம் ஏறக்குறைய 70 மைல்! பூமியை நான்கு தடவை சுற்றி வந்த தூரம். அவர் போன வெளிநாடு நம் பக்கம்தான்: கராச்சி, அப்புறம் ஆப்கன் எல்லையிலுள்ள மீரான்ஷா. 1929-ல் திரும்பியபோது பெர்னார்ட் ஷா தம்பதிகளும் நண்பர்களும் சேர்ந்து அவருக்குப் புது பிரவ் வண்டி ஒன்றைப் பரிசளித்தார்கள். நோய் தெரிந்த நண்பர்கள்!

ஏழாவது வண்டி 1932-ல் வந்தது. துருப்பிடிக்காத எஃகினால் பெட்ரோல் தொட்டி வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. அது பட்டுப்போல ஓடுகிறது என்று அவர் மெச்சி எழுதினார். அப்படி மெச்சியவர், எட்டாவது வண்டிக்கும் சொல்லி வைத்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வண்டிக்கு எல்லாம் செய்தார். தம் தலைக்கு ஒன்றும் செய்யவில்லை. தலைக் கவசம் என்ற வஸ்து அப்போது இல்லையா என்றால், இருந்தது. புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் வைத்தியராயிருந்த எரிக் கார்ட்னர், கான்வாஸ் துணியையும் அரக்கையும் கொண்டு கவசம் செய்வித்திருந்தார். 1914-லேயே மான் தீவுப் பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஆனால் அது பந்தயக்காரர்களின் சாமான் என்றே ஊரார் எண்ணிவிட்டார்கள். சாலையில் போகிறவனுக்கு எதற்கு?

1935 மே 13. விமானப் படையிலிருந்து விலகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சனை மறுநாள் சாப்பாட்டுக்கு அழைத்துத் தந்தி கொடுத்துவிட்டு, டார்செட்டிலுள்ள தம் குடிசைக்கு லாரன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பள்ளம். எதிரே இருப்பது தெரியாது. அங்கே இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார், தூக்கியெறியப்பட்டார். ஐம்பது அறுபது மைல் வேகமிருக்கும் என்று ஒரு சாட்சி சொன்னார். ஆனால் விழுந்த வண்டி இரண்டாவது கியரில் சிக்கியிருந்தது. அந்தக் கியரில் 38 மைலுக்கு மேல் போகாது என்று கணக்கிட்டார்கள். 100 மைல் வண்டி 38 மைலில் ஆளைக் கொன்றது. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19-ல் காலமானார். வயது 46.

அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஹியூ கெயின்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். கைக்கெட்டிய நோயாளி கையைவிட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. 1941-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின்படி, யுத்தத்துக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டிஷ் சாலைகளில் மாண்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் 1,884 பேர். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர். பெரும்பாலோர் தலைக் காயத்தால் போனவர்கள். கவசம் அணிந்து விழுந்தவர்களில் ஏழு பேரைத்தான் அவரால் தேடிப் பிடிக்க முடிந்தது. ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள்.

அந்த வருஷமே ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கவசம் கட்டாயமாயிற்று. பொது ஜனங்களுக்கு அந்தச் சட்டம் பிரிட்டனில் வந்தது 1973-ல். கெயின்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1952-லேயே இறந்துவிட்டார். தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் நீதிமன்ற உத்தரவின்பேரில் கெடுபிடி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் நம் சாலைகளில், வண்டிக்கு ஆயிரம் அலங்காரம் செய்த இளைஞர்கள், கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள். முழங்கை பத்திரமாயிருக்கிறது.

நாட்டிங்காமில் ஏழாவது வண்டியைப் பழுது பார்த்து விற்றுவிட்டார்கள். அது மறுபடியும் ஓடிற்று. எட்டாவது வண்டியை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை.