உறங்கும் இரும்புக் குதிரைகள்

பழமையைப் போற்றுதல் தமிழர் பண்பு என்று ஆண்டுதோறும் நம் விழா மேடையில் கேட்டு மகிழ்கிறோம். கல்வெட்டு என்றும், செப்பேடு என்றும், ஓலைச்சுவடி என்றும் முன்னோர் விட்டுச்சென்ற செல்வங்களை எண்ணிப் பெருமிதம் கொள்கிறோம். அது தக்கதே. ஆயின், தமிழகத்துத் தொழிலாளர் தம் கைகளால் இரும்பிலும் அலுமினியத்திலும் எழுதிய வரலாறு ஒன்றும் உண்டு. நம்மில் சிலர் வீட்டு மாடிப்படியின் கீழும், கொட்டகையின் மூலையிலும், கிழிந்த தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு அது உறங்குகின்றது. தந்தையோ தாத்தாவோ பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த காலத்தில் ஓட்டிய 'புல்லட்' மோட்டார் சைக்கிளே அது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாமா, செப்பம் செய்து ஓட்டலாமா என்ற வினா பல குடும்பங்களில் எழுகின்றது. விடை கூறுமுன், அவ்வண்டி எங்கே பிறந்தது, எவ்வாறு நம்மிடம் வந்தது என்பவற்றை அறிதல் நலம்.

ரெடிச் முதல் ஒற்றியூர் வரை

இங்கிலாந்து நாட்டில் ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் ரெடிச். அங்கே மிதிவண்டி செய்துவந்த நிறுவனம் ஒன்று, என்ஃபீல்டு என்னும் இடத்திலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்தது. அத்தொடர்பால் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயர் வழங்கலாயிற்று. அந்நிறுவனம் தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901-ஆம் ஆண்டில் வெளியிட்டது. துப்பாக்கியைப் போல் உறுதியாகச் செய்யப்பட்டது என்பதே அதன் விளம்பர வாசகம். 1932-இல் வெளிவந்த ஒரு வகைக்குத் தோட்டா எனப் பொருள்படும் 'புல்லட்' என்னும் பெயரைச் சூட்டினர்.

நாமறிந்த புல்லட் இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவானது. அதுவரை பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருந்தது. சாலையில் உள்ள ஒவ்வொரு குழியும் ஓட்டுபவரின் முதுகெலும்பைத் தாக்கும். புதிய புல்லட்டிலோ பின்சக்கரம் சுருள்வில் தாங்க மேலும் கீழும் அசையுமாறு அமைக்கப்பட்டது. 1948-இல் இத்தாலி நாட்டில் நடந்த ஆறு நாள் சோதனைப் பந்தயத்தில் இவ்வகை வண்டிகள் இரண்டு தங்கப் பதக்கம் பெற்றன. மறு ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. நெடும் பயணத்துக்கு ஏற்ற வண்டி என்ற பெயர் அதற்கு அன்றே நிலைத்துவிட்டது.

அதே 1949-இல் கே. ஆர். சுந்தரம் ஐயர் நிறுவிய மெட்ராஸ் மோட்டார்ஸ் இவ்வண்டிகளை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் நம் இராணுவம் எல்லைக் காவலுக்கென 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்துப் பெருந்தொகையாக வாங்கியது. அத்தனை வண்டிகளையும் கப்பலில் தருவிப்பதைவிட இங்கேயே செய்வது மேல் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1955-இல் ரெடிச் நிறுவனமும் சென்னை நிறுவனமும் இணைந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தன. ஆலை எழுந்த இடம் திருவொற்றியூர். பட்டினத்தார் அடங்கிய தலம் அது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலமும் அதுவே. சங்கிலியாரை மணந்த ஊரிலேயே சங்கிலியால் சக்கரம் சுழலும் வண்டியும் பிறந்தது என்று நம் புலவர்கள் நயம் கூறக்கூடும்.

தொடக்கத்தில் உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. இங்கே பூட்டி முடித்தனர். 1957-இல் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962-க்குள் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. அதே ஆண்டில் ரெடிச்சில் புல்லட் செய்வது நின்றது. 1967-இல் ரெடிச் ஆலையே மூடப்பட்டது. 1970-இல் ஆங்கில நிறுவனம் முற்றிலும் மறைந்தது. தாய் மறைந்த பின்னும் சேய் வாழ்ந்தது. 1977-இல் ஒற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறின. கொடுத்தவர் வீட்டுக்கே சீர்வரிசை திரும்பிச் சென்ற கதை இது.

மாறாமையே வலிமை

இவ்வண்டியின் உள்ளமைப்பு எளியது. ஒரே சிலிண்டர், அதன் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. கனமான சுழற்சக்கரம் உள்ளே இருப்பதால் எஞ்சின் பதறாமல் நிதானமாக இழுக்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்காது. 'டப டப' என்று நாம் கேட்கும் ஒலி இந்த நீண்ட வீச்சின் விளைவே.

ஐம்பதுகளில் வகுத்த இவ்வமைப்பை ஆலையார் சிறு திருத்தங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றி வந்தனர். 1994-இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்த பின்னரும் அது தொடர்ந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானதால், 2010-ஐ ஒட்டியே பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. வளர்ச்சியற்ற தேக்கம் இது என்று பழித்தவரும் உண்டு. ஆயின், அத்தேக்கமே இன்று நமக்கு வாய்த்த நற்பேறு. 1965-இல் செய்த வண்டிக்கு 1995-இல் செய்த உறுப்புகளுள் பல பொருந்துகின்றன. வேறு எத்தனையோ நாடுகளில் பழைய வண்டி வைத்திருப்போர் ஒரு சிறு உறுப்புக்காகக் கடல் கடந்து தேடுகின்றனர். நம் ஊர் மெக்கானிக்கோ கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி வாங்கிவிடுகிறார். எனவே, உறங்கும் புல்லட்டு செத்த புல்லட்டு அன்று.

உறக்கத்தின் தீங்குகள்

ஓடும் வண்டி தேய்கின்றது. நிற்கும் வண்டி அரிக்கப்படுகின்றது. டாங்கியில் விட்டுவைத்த பெட்ரோல் நாளடைவில் பிசினாகிக் கார்ப்பரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். காலியாக வைத்த டாங்கியோ உள்ளே துருவேறும். வார்ப்பிரும்புச் சிலிண்டரில் ஈரம் படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். டயர் பார்வைக்குப் புதிதுபோல் தோன்றினும் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். மின்கம்பியின் மேலுறையை எலி தின்றிருக்கும். கிளட்சுத் தகடுகள் ஒன்றோடொன்று பற்றியிருக்கும். எஞ்சின் எண்ணெயை அடிவார்ப்பிலேயே ஓர் அறையில் தாங்குவது ராயல் என்ஃபீல்டின் மரபு. நெடுநாள் நிற்கையில் அவ்வெண்ணெய் பம்பின் வழியே கசிந்து சுழற்சக்கரம் உள்ள அறையில் தேங்கிவிடும்.

ஆகவே, வண்டியை வெளியே இழுத்தவுடன் ஆர்வமிகுதியால் கிக்கரை உதைப்பதே முதற்கேடு. ஒட்டியிருக்கும் வளையம் ஒரே உதையில் முறியும்.

எழுப்பும் முறை

முதலில் தொடாமல் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் நிழற்படம் எடுத்து, எக்கம்பி எவ்வழிச் செல்கிறது என்று குறித்துக்கொள்க. எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டும் பொருந்தினால் அதுவே பெருஞ்செல்வம்.

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பின்னர் மேல் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பிஸ்டன் இளகும். இளகவில்லையெனில் மேலும் ஊறவிடுவதே அறிவு. வலிமை காட்டுவது அறிவன்று. பழைய எண்ணெய் முழுவதையும் இரண்டு அறைகளிலிருந்தும் வடித்து, வடிகட்டிகளைக் கழுவிப் புதிது ஊற்றுக. டாங்கியின் துருவை நீக்கச் சிறு நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கிக் கழுவி உலர்த்துவது நம் மெக்கானிக்குகள் கையாளும் எளிய வழி.

இக்காலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. இன்று நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கின்றனர். அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் கெடுக்கும். ஆதலால் அவற்றை மாற்றாமல் ஓட்டுதல் தகாது. ஓட்டாத நாளில் டாங்கியில் பெட்ரோலைத் தேக்கி வைப்பதும் தகாது. தீப்பொறிக்கான பாயிண்டுகளைத் தேய்த்துத் தூய்மை செய்து, இடைவெளியை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டராக வைக்க. பிரேக் கட்டைகள், டயர், டியூப் ஆகியவற்றில் சிக்கனம் வேண்டா. அவை உயிரோடு தொடர்புடையவை.

இனிதான் உதைக்கும் கலை. சாவியைத் திருப்பியபின் கிக்கரை மெல்ல அழுத்த, அம்மீட்டரின் முள் நடுவுக்குத் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே டிகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே உச்சி கடத்தி, நெம்பை விட்டு ஒரு முழு உதை கொடுக்க வேண்டும். வலிமை மிக்க இளைஞர் பத்து முறை உதைத்துத் தோற்ற வண்டியை, முறையறிந்த முதியவர் ஒரே உதையில் எழுப்புவது இதனால்தான். எஞ்சின் உயிர்பெற்றதும், எண்ணெய் மேலே ராக்கர் வரை ஏறுகின்றதா என்று உடனே பார்த்தல் இன்றியமையாதது.

எதைக் காப்பது?

இங்கேதான் கருத்து வேறுபாடு எழுகின்றது. கழற்றிய வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் மணலடித்து, புதுப் பெயிண்டும் குரோமியப் பூச்சும் ஏற்றி, கடையிலிருந்து வந்ததுபோல் மின்னச் செய்வோர் பலர். கண்ணுக்கு அழகுதான். ஆயின், நம் கோயில் திருப்பணிகளில் மணல் வீச்சால் தூண்களைத் துப்புரவு செய்யப்புகுந்து கல்வெட்டெழுத்துகளை மழுங்கடித்த துயரக் கதையை நாம் அறிவோம். வண்டிக்கும் அதுவே பொருந்தும். டாங்கியில் ஆலைத் தொழிலாளி தூரிகை பிடித்துக் கையால் இழுத்த பொற்கோடு ஒரு கையெழுத்து. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய சென்னை மாநிலப் பதிவெண் ஒரு கல்வெட்டு. முழங்கால் உரசி வண்ணம் தேய்ந்த இடம் ஒரு வாழ்க்கைக் குறிப்பு. மேலும், மணல் துகள் எஞ்சின் வார்ப்பின் எண்ணெய் வழிகளில் தங்கினால் எஞ்சினே அழியும்.

எனவே, ஓட்டத்துக்கும் உயிர்க்காப்புக்கும் வேண்டியவற்றை மாற்றுக. தோற்றத்துக்காக மட்டும் எதையும் அழிக்காதீர் என்பதே நான் கூற விரும்பும் நெறி. கழற்றிய பழைய உறுப்பையும் எறியாமல் பெயரெழுதிப் பெட்டியில் வைத்தல் நன்று.

சட்டம் தரும் இடம்

நடுவண் அரசு 2021-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், முதற்பதிவு முதல் 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகளாக ஏற்றது. சட்டம், எஞ்சின் முதலியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கலாகாது என்பது நிபந்தனை. 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண், 20,000 ரூபாய்க் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி என்று விதி வகுத்தது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாட வேலைக்கு ஓட்டலாகாது. அறுபதுகளில் பிறந்த ஒற்றியூர் வண்டிகள் யாவும் இவ்வயதைக் கடந்துவிட்டன. பெருமாற்றம் செய்தவனுக்குச் சட்டத்திலும் இடமில்லை என்பதைக் கவனிக்க. வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவு வேண்டும். பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விதித்த தடை குறித்த ஆணைகள் அவ்வப்போது மாறி வந்திருப்பதால், அங்குள்ளோர் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்தே செயற்படுதல் வேண்டும்.

நம் கடமை

எடைக்குப் போட்டால் ஒரு புல்லட்டு சில ஆயிரம் ரூபாய் தரும்; அத்தோடு தீர்ந்தது. காத்தாலோ, ஒற்றியூரில் கடைசல் பிடித்தவரும், வார்ப்பு ஊற்றியவரும், கோடு இழுத்தவரும் நம் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பர். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையர், அடுப்புக்கும் ஆற்றுக்கும் போகவிருந்த சுவடிகளைத் தடுத்தாட்கொண்டார். நாம் அலைய வேண்டியதில்லை. மாடிப்படியின் கீழ் குனிந்து பார்த்தால் போதும். அவ்வண்டியை யார், எந்த ஆண்டில், எந்த ஊரில் வாங்கினார், எங்கெங்கே சென்றார் என்பவற்றை வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பீர்களாக. அடுத்த ஆண்டு விழாவில் கோலப் போட்டிக்கும் நாடகத்துக்கும் அருகே, முறையாகக் காக்கப்பட்ட ஒரு பழைய புல்லட்டும் அதன் கதை எழுதிய பலகையும் நிற்குமாயின், அதுவும் தமிழ் வளர்த்த பணியே ஆகும்.