திருமுழுக்கு வாய்பாடு

கிறிஸ்தவத் திருமுழுக்கின்போது, அதை அளிப்பவர் தவறாமல் சொல்லவேண்டிய வாசகமே திருமுழுக்கு வாய்பாடு. பெறுபவரைப் பெயர் சொல்லி அழைத்து, ‘தந்தை, மகன், தூய ஆவியார் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்பது கத்தோலிக்க முறை. மூன்று பெயர்களையும் சொல்லும்போதே தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றுவார்கள். சீர்திருத்தச் சபைகளில் ‘பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே ஞானஸ்நானம்’ என்பது வழக்கம். மத்தேயு நற்செய்தி 28:19 இதற்கு அடிப்படை.

உளுந்தூர்பேட்டை வட்டாரம் இரு மரபுகளையும் அறிந்தது. எறையூர் ஜெபமாலை அன்னை ஆலயம் போன்ற பழைய பங்குகள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. பழைய தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷன் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அங்கே முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர் கத்தோலிக்கரானால், அவருக்கு மறுபடி திருமுழுக்குத் தருவதில்லை.

சடங்கில் எதை விடலாம் என்ற வழக்கு இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. எச்சில் படுவதை இங்குள்ளவர்கள் அருவருப்பார்கள் என்பதால், உமிழ்நீர் தொட்டுவைக்கும் துணைச்சடங்கைச் சேசு சபைக் குருக்கள் கைவிட்டிருந்தார்கள். திருத்தந்தையின் தூதர் டூர்னோன் 1704இல் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், அதை விடக்கூடாது என்றார். ரோமுக்குப் போன வழக்கு, 14ஆம் பெனடிக்டின் 1744ஆம் ஆண்டு ஆணையோடுதான் ஓய்ந்தது. ஆனால் தண்ணீரிலும் வாய்பாட்டிலும் இரு தரப்பும் கைவைக்கவில்லை.

வாய்பாட்டில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும்? குடும்பத்தின், சபையின் சார்பாக ‘நாங்கள் அளிக்கிறோம்’ என்று சொன்ன திருமுழுக்குகள் செல்லாது என 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. குரு வழியாகத் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்பது புனித அகுஸ்தீனார் காலம்தொட்டு வரும் போதனை. அந்த ‘நான்’ கிறிஸ்துவுக்கு உரியது. கூடியிருப்பவர்கள் அதைப் பன்மையாக்க முடியாது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தில் மேத்யூ ஹூட் என்ற குரு, தம் குழந்தைப்பருவத் திருமுழுக்குக் காணொளியில் ‘நாங்கள்’ என்று சொல்லியிருந்ததைக் கண்டார். திருமுழுக்கே செல்லாதபோது குருப்பட்டமும் செல்லாது. அதே ஆகஸ்டில் அவர் திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்று, மறுபடி குருவானார். 2022இல் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் இதே காரணத்தால் ஆயிரக்கணக்கான திருமுழுக்குகள் செல்லாமல் போயின.

‘படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்’ என்று மாற்றிச் சொல்வதை 2008இலேயே வத்திக்கான் தள்ளியிருந்தது. கிழக்குத் திருச்சபைகள் ‘இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார்’ என்று சொல்வதை அது ஏற்கிறது. மூவொரு கடவுளின் பெயர் அதில் முழுமையாக இருக்கிறது. திருத்தூதர் பணிகள் 2:38ஐ ஆதாரமாகக் கொண்டு ‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் ஞானஸ்நானம் தரும் பெந்தெகொஸ்தே பிரிவுகளும் உண்டு. அதைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவமனைச் செவிலியர்கூடத் திருமுழுக்குத் தரலாம். அவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. திருச்சபையின் நோக்கத்தோடு, தண்ணீர் ஊற்றி, வாய்பாட்டைச் சரியாகச் சொன்னால் போதும். பழைய திருமுழுக்கில் ஐயம் எழுந்து, விசாரித்தும் தீராவிட்டால், ‘நீ ஏற்கெனவே பெறவில்லை என்றால்’ என்ற நிபந்தனையோடு அளிப்பார்கள்.

திருமணத்துக்கு ஓலை வாசிக்குமுன் பங்குத்தந்தை கேட்பது திருமுழுக்குச் சான்றிதழை. தேதியும் ஞானப்பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். சொன்ன வாசகம் இருக்காது. அதனால் தொட்டியருகே நிற்கும் ஞானத்தாயும் ஞானத்தந்தையும் அந்த ஒரு வாக்கியத்தைக் காதுகொடுத்துக் கேட்டுவைப்பது நல்லது.