கன்னத்தில் ஊதா

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள், முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசைமேல் ஒரு வட்டச் செப்பை வைத்தாள். ஏதோ ஓர் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் புதுத் தொகுப்பில் வந்த பிளஷ். திறந்தால் ஊதா. கத்தரிப்பூ ஊதா அல்ல. நாவல்பழம் தின்றுவிட்டு வாய் துடைத்த கைக்குட்டையில் படியுமே, அந்த ஊதா.

"எனக்குத்தான் மேம் வாங்கினேன். வீட்ல போட விடல. கறுப்பு மூஞ்சில ஊதா பூசினா யாரோ அறைஞ்ச மாதிரி இருக்கும்னு அத்தை சொல்லிட்டாங்க. நீங்க ஒருதடவை போட்டுப் பாருங்களேன்" என்றாள். என் நிறமும் அவள் நிறமும் ஏறத்தாழ ஒன்று. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள் என்பது புரிந்தது.

ஆசிரியர் ஓய்வறைக் கண்ணாடி முன்னால் நின்று விரலால் தொட்டு இரண்டு கன்னத்திலும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க ஊதா மறைந்தது. மூன்று மாடி ஏறி வந்தால் உள்ளே எழும் சூடு வெளியே தெரிந்தது போல ஒரு செம்மை நின்றது. நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக என் கன்னம் சிவந்ததை நான் பார்த்தேன்.

உடனே நினைவுக்கு வந்தது ஒன்பதாம் வகுப்பு ஆண்டுவிழா. நாடகத்தில் நான் தோழி. டவுனிலிருந்து வந்த மேக்கப்காரர் என்னைப் பார்த்ததும் உதவியாளரிடம், "இதுக்கு ரெண்டு தடவை வெள்ளை போடு" என்றார். இது. வெள்ளைக்கு மேல் ரோஸ் பவுடர். மேடை விளக்கில் என் முகம் சுண்ணாம்பு அடித்த சுவரில் செங்கல் காரை தெரிந்தது போல இருந்ததாக அக்காள் பிறகு சொன்னாள். முன்வரிசையில் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டு எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் யாருக்கும் தெரிந்திருக்காது. மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் நான்.

கன்னம் சிவக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? எந்தக் கன்னத்துக்காக அந்த முடிவு? இந்தக் கேள்வியோடு விடுமுறை முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டு வெர்சாய் அரண்மனையில் ரூஜ் ஒரு சீருடை. அரசவைக்கு வரும் சீமாட்டி கன்னத்தில் அடர்சிவப்பு இல்லாமல் வரமுடியாது. அது இயற்கையாகத் தெரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. பூசியது பூசியதாகத் தெரிய வேண்டும். அதுதான் தகுதியின் அடையாளம். பதினைந்தாம் லூயியின் காதலியான மேடம் பொம்படூரை ஓவியர் பூஷே வரைந்த படம் ஒன்று இன்று ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கையில் ரூஜ் செப்பு, மறுகையில் தூரிகை, மணிக்கட்டில் அரசனின் முகம் செதுக்கிய காப்பு. தன் முகத்தைத் தானே வரையும் பெண்ணை வரைந்திருக்கிறார் அவர். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். அரசன் மணிக்கட்டில்தான் இருக்கிறான், தூரிகை அவள் கையில்.

கடலைத் தாண்டினால் இங்கிலாந்தில் கதை வேறு. மரியா கன்னிங் என்பவள் அயர்லாந்தில் வளர்ந்த பேரழகி. கவென்ட்ரி பிரபுவை மணந்தாள். 1752இல் கணவனும் மனைவியும் பாரிஸ் போனார்கள். அங்கு நடந்த ஒரு விருந்தை ஹோரஸ் வால்போல் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மனைவி திருட்டுத்தனமாகக் கொஞ்சம் சிவப்பு பூசியிருக்கிறாளோ என்று பிரபுவுக்குச் சந்தேகம். பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேசையைச் சுற்றி அவளைத் துரத்திப் பிடித்து, கைத்துண்டால் கன்னத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டான். என்னை ஏமாற்றிவிட்டாய், வாக்குத் தவறிவிட்டாய், உடனே உன்னை ஊருக்குத் திருப்பி அழைத்துப் போகிறேன் என்றும் சொன்னான். வால்போலுக்கு இது வேடிக்கைச் செய்தி. அவள் கன்னம் அப்போது எதனால் சிவந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரியா 1760இல் இறந்தாள். வயது 27. முகத்துக்குப் பூசிய ஈய வெள்ளையின் நஞ்சே காரணம் என்று அன்றே பேசிக்கொண்டார்கள். அவள் பூசியதைச் சொல்லும் எவரும் அந்தக் கைத்துண்டைச் சொல்வதில்லை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. பாதரசக் கலவையான வெர்மிலியன் ஒரு வகை. குசும்பாப் பூவில் எடுத்தது இன்னொன்று. எல்லாவற்றிலும் உயர்ந்தது கார்மைன். மெக்சிகோவின் ஒஹாகா பகுதியில், சப்பாத்திக்கள்ளியின் உறவுச்செடிகளில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியை உலர்த்தி அரைத்தால் கிடைப்பது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள். பெண்பூச்சிகள் மட்டும்தான் இதற்கு உதவும். கள்ளி முள்ளுக்கு நடுவே அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தவர்கள் பூர்வகுடி மக்கள். விற்றுப் பணம் பார்த்தது ஸ்பெயின். வெள்ளிக்கு அடுத்தபடியாக மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குச் செல்வம் கொண்டுவந்த பொருள் இதுதான்.

இந்த ஆசை நம் சைதாப்பேட்டை வரைக்கும் வந்தது. 1780களின் இறுதியில் மதராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைக்க நினைத்து, அங்கே பூச்சி வளர்ப்பதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். நல்ல ரகப் பூச்சி கடைசிவரை கிடைக்கவில்லை. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்ததும் மட்டரகம். அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை, ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. பின்னர் 1830களில் தென்னிந்தியாவில் கள்ளிக்காடுகளை அழிக்கவே அதைப் பரப்பினார்கள். கம்பெனிக்கு முதலில் வேண்டியிருந்தது துணிக்கான சாயம்தான். ஆனால் அதே சிவப்புதான் சீமாட்டிகளின் செப்புக்கும் போனது.

மாணவியின் செப்பைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 75470 என்றோர் எண். கார்மைனுக்குரிய சாய எண் அது. அவளிடம் சொன்னபோது, "ஐயோ மேம், நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன்" என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். இது இருக்கட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. பூசிய சிவப்பு நடிகைக்கும் தெருப்பெண்ணுக்கும் உரியதாயிற்று. குடும்பப்பெண்ணுக்குத் தானாகச் சிவக்க வேண்டும். நாணத்தில் சிவக்கும் கன்னம் உள்ளத் தூய்மைக்குச் சான்றாயிற்று. 1839இல் தாமஸ் பர்கஸ் என்ற ஆங்கில மருத்துவர் நாணச் சிவப்பைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஆன்மாவின் அறவுணர்வு கன்னத்தில் வெளிப்படட்டும் என்று படைத்தவனே செய்த ஏற்பாடு அது என்பது அவர் வாதம். அப்படியானால் கன்னம் சிவப்பது கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு? அவர்களுக்கு அறவுணர்வு உண்டா? இந்தக் கேள்வி அடுத்து வரத்தானே செய்யும். வந்தது.

டார்வின் 1872இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் விதம் பற்றி எழுதிய நூலின் கடைசிப் பகுதியில் நாணச் சிவப்புக்கு ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். எல்லா வெளிப்பாடுகளிலும் இதுவே மிகவும் மனிதத்தன்மை கொண்டது என்கிறார். அதற்கு முன்பே உலகெங்கும் இருந்த மிஷனரிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கேள்விப்பட்டியல் அனுப்பியிருந்தார். அதில் ஒரு கேள்வி: தோலின் நிறம் இடம்கொடுத்தால், வெட்கத்தில் சிவப்பது தெரிகிறதா, உடம்பில் எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது? இரண்டாம் பாதிக்கு ஆங்கில மருத்துவர்களும் பதில் அனுப்பினார்கள். மனநோய்க் காப்பகத்தில் சேர்ந்த மறுநாள் காலை, படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணின் சட்டைக் கழுத்தை, நுரையீரலைச் சோதிக்க மருத்துவர் கிரிக்டன்-பிரவுன் தளர்த்துகிறார். உதவியாளர்கள் சுற்றி நிற்கிறார்கள். சிவப்பு மார்புவரை பரவியதை அவர் குறித்துக்கொள்கிறார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு குறிப்பு. கறுப்பினத்தவர் சிவக்கிறார்களா என்பதற்கு ஆதாரமாக டார்வின் பர்கஸைத்தான் மேற்கோள் காட்டுகிறார். முகத்தில் வெளுத்த தழும்புடைய ஒரு கறுப்பினப் பெண்ணை பர்கஸ் பலமுறை பார்த்திருக்கிறார். அவளிடம் திடீரென்று அதட்டிப் பேசினாலோ, ஏதாவது அற்பக் குற்றத்தை அவள்மேல் சுமத்தினாலோ, அந்தத் தழும்பு மட்டும் தவறாமல் சிவந்ததாம். தவறாமல் என்றால் எத்தனை தடவை? அந்தத் தழும்பு எப்படி வந்தது? அவள் பெயர் என்ன? எதுவும் இல்லை. அறிவியலுக்கு ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. அது அவள் முகத்தில் இருந்தது.

நியாயமாகச் சொன்னால், டார்வின் வந்தடைந்த முடிவு நல்ல முடிவு. எல்லா இனத்தவருக்கும் நாணச் சிவப்பு உண்டு, கறுத்த தோலில் தெரிவதில்லை, அவ்வளவே என்றார். படைத்தவன் ஏற்பாடு என்ற பர்கஸின் வாதத்தையும் ஏற்கவில்லை. அதே இயலில் இன்னொன்றையும் சொல்கிறார். சிவக்கத் தெரியாதவர்களை எப்படி நம்புவது என்று அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி ஸ்பானியர் செய்த ஏளனத்தை, ஹம்போல்ட் ஒரு மறுப்பும் இல்லாமல் எடுத்தெழுதிவிட்டார் என்று. கொச்சினீல் பூச்சியை முள்ளிலிருந்து துடைத்தெடுத்து ஐரோப்பியக் கன்னங்களுக்குச் சிவப்பு தந்தவர்களும் பூர்வகுடிகள்தானே. அவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

நம்மிடம் என்ன இருக்கிறது? தொல்காப்பியம் நாணத்தைப் பெண்ணுக்கு உரியதாக்கி வைத்தது. அதில் எனக்கு உள்ள சண்டை பழைய சண்டை, வேறு கட்டுரைகளில் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாணத்தைச் சங்க அகப்பாடல்கள் கன்னத்தில் தேடியதாக எனக்குத் தோன்றவில்லை. கவிழ்ந்த தலையில், தாழ்ந்த கண்ணில், நிலம் கீறும் கால்விரலில் தேடின. தோலில் அவை பார்த்தது பசலையை. தலைவன் பிரிந்தால் தலைவியின் மேனியில் படரும் மஞ்சள் கலந்த வெளிறல். பசலை வந்து அழிப்பது எதை? மாமையை. மாந்தளிர் போன்ற கருமை கலந்த பொலிவு அது. அழகின் இருப்பு நிறமே அங்கே கறுப்புதான். வெளுத்தால் நோய். வெள்ளிவீதியார் குறுந்தொகையின் 27ஆம் பாடலில் தன் மாமைக்கவினுக்காகவே வருந்துகிறார். திருக்குறள் பசப்புக்கு ஒரு முழு அதிகாரம் தந்திருக்கிறது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஊடல் தீர்க்க ஒப்பனை செய்துகொள்கிறாள். குளிக்கும் நீரில் 10 துவர், 5 விரை, 32 ஓமாலிகை. பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு. விரல்முதல் உச்சிவரை அணிகள். கன்னத்துக்கென்று ஒரு சிவப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் வாரப்பத்திரிகைத் தொடர்கதைகளில் கதாநாயகிகளுக்குக் கன்னம் சிவக்காத அத்தியாயமே கிடையாது. அவற்றைப் படித்து வளர்ந்தவள்தான் நானும். என் முதல் கவிதைத் தொகுப்பைப் புரட்டினேன். ஒரு காதல் கவிதையில் 'சிவந்த என் கன்னம்' என்றே எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வயதில். எந்தக் கண்ணாடியில் பார்த்து எழுதினேன்? மாமையைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டு.

ஊதா ஏன் என் கன்னத்தில் சிவப்பானது என்பதற்கு விளக்கம் எளியது. வெளிர் ரோஸ் நிறங்களில் வெள்ளைப்பொடி கலந்திருக்கும். கறுத்த தோலில் அந்த வெள்ளைதான் மேலெழுந்து சாம்பல் பூத்தது போல நிற்கும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நடந்தது அதுதான். அடர் ஊதா, செங்கல், ஆரஞ்சு இவற்றில் வெள்ளை குறைவு. தோலின் பழுப்போடு சேர்ந்து இரத்த ஓட்டம் போலத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ளச் சந்தைக்கு வெகுகாலம் ஆனது. கறுப்பினப் பெண்களுக்கென்று யூனிஸ் ஜான்சன் அமெரிக்காவில் ஃபேஷன் ஃபேர் ஒப்பனைப் பொருள்களைக் கொண்டுவந்தது 1973இல். ரிஹானாவின் ஃபென்டி 40 தோல்நிறங்களுக்கு ஃபவுண்டேஷன் வெளியிட்டது 2017இல். இங்கே 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலிருந்த ஃபேரைக் கைவிட்டது 2020இல். டப்பாவுக்குள் என்ன மாறியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். கறுத்த கன்னமும் பணம் தரும் என்று வியாபாரத்துக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் உண்மை. ஆனால் அந்த ஓய்வறைக் கண்ணாடியில் நான் பார்த்ததும் உண்மை. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடைக்கு வர எனக்கு இன்னும் முடியவில்லை.

அன்று மாலை பூசிய முகத்தோடே வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் இருந்தாள். அப்பா போனபின் பவுடர்கூடத் தொடாதவள். என் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏண்டி, பஸ்ஸுக்கு ஓடினியா? முகமெல்லாம் இரத்தமா இருக்கு, மோர் குடி" என்றாள். பூச்சு என்று சொன்னதும் செப்பை வாங்கித் திறந்து மூடி, திறந்து மூடி, விலையைக் கேட்டுத் திட்டினாள். இரவு கைகழுவப் போனபோது அவள் புறங்கையில் விரலகலத்துக்கு ஊதா இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து செப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை அவளுக்குக் கருத்தரங்கு, தலைப்பு வெள்ளிவீதியார். பூசிக்கொண்டு வந்திருந்தாள். கார்மைன் கணக்கை எப்படித் தீர்த்துக்கொண்டாளோ தெரியவில்லை. கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் தாளிலிருந்து தலையை எடுக்காமல் வாசித்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாமை என்ற சொல்லை விளக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோதுதான் ஜன்னல் வெயில் அவள் கன்னத்தில் பட்டது.